எழுத்தைப் படித்தால் மட்டும் போதாது: ராட்51சி மரபணுவும் டி.என்.ஏ. பழுதுநீக்கமும்

2010 மே மாத 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் அடுத்தடுத்த பக்கங்களில் வெளிவந்தன. முதலாவது, நெருங்கிய உறவில் மணம் செய்துகொண்ட ஒரு தம்பதியின் குழந்தைகளைப் பற்றியது. கடுமையான பிறவிக் குறைபாடுகளோடு பிறந்த அந்தக் குழந்தைகளிடம் ஃபான்கோனி இரத்தச்சோகை என்னும் அரிய நோயின் அடையாளங்கள் காணப்பட்டன. ராட்51சி என்ற மரபணுவில், தாயிடமிருந்து வந்த படியிலும் தந்தையிடமிருந்து வந்த படியிலும் ஒரே பிறழ்வு இருந்ததே காரணம்.

இரண்டாவது கட்டுரை ஜெர்மனியைச் சேர்ந்த 1,100 குடும்பங்களை ஆராய்ந்தது. அவற்றில் 480 குடும்பங்களில் மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் சேர்ந்தே வந்திருந்தன. 620 குடும்பங்களில் மார்பகப் புற்றுநோய் மட்டும் வந்திருந்தது. முதல் பிரிவில் ஆறு குடும்பங்களில் ராட்51சி மரபணுவின் ஒரு படி பழுதாகியிருந்தது. இரண்டாம் பிரிவில் ஒன்றில்கூட அப்படி இல்லை.

மரபணு ஒன்றுதான். இரு படிகளும் கெட்டால் குழந்தைப் பருவத்திலேயே ஓர் அரிய நோய். ஒரு படி மட்டும் கெட்டால் நடுவயதில் புற்றுநோய்க்கான வாய்ப்பு. இந்த மரபணு உடலில் என்னதான் செய்கிறது? அதன் எந்த வேலை கெடும்போது எந்த நோய் வருகிறது? இக்கேள்விகளுக்கு விடை தேடியவர்களில் முக்கியமான ஒரு குழு பெங்களூரில் இருக்கிறது. இக்கட்டுரை எழுதப்படும் தொம்மலூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் துறையில், கணேஷ் நாகராஜுவின் ஆய்வுக்கூடம் இந்த மரபணுவைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. அங்கு கிடைத்த விடைகள் சிறப்பு ஆய்விதழ்களோடு நின்றுவிடக் கூடாதவை. உறவுமுறைத் திருமணம் இன்றும் வழக்கில் உள்ள தென்னிந்தியக் குடும்பங்களுக்கும், மரபணுப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் நோயாளிகளுக்கும் அவை நேரடியாகத் தேவைப்படுகின்றன.

ஃபான்கோனி கண்ட நோய்

1927-ல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கைடோ ஃபான்கோனி, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று சகோதரர்களிடம் கண்ட கொடிய இரத்தச்சோகையைப் பதிவு செய்தார். அதன் பின்னர் இந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. குள்ளமான உடல்வாகு, கட்டைவிரலிலும் முன்கை எலும்பிலும் குறைபாடு, தோலில் காப்பி நிறத் திட்டுகள், சிறிய தலை, சிறுநீரகக் கோளாறு ஆகியவை இதன் வெளி அடையாளங்கள். இவை எல்லாக் குழந்தைகளிடமும் இருப்பதில்லை. சிலரிடம் ஒன்றுகூட இருக்காது. பெரும்பாலானோருக்கு முதல் பத்து வயதுக்குள் எலும்பு மஜ்ஜை செயலிழக்கத் தொடங்கும். சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றும் குறையும். உயிர் பிழைத்து வளர்ந்தவர்களுக்கு இரத்தப் புற்றுநோயும் வாய், தொண்டைப் பகுதிகளில் வரும் புற்றுநோயும் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகின்றன.

இந்த நோயின் வேர் குரோமோசோமில் இருக்கிறது என்பதற்கு முதல் தடயம் 1964-ல் கிடைத்தது. ஜெர்மானிய ஆய்வாளர் டிராட்டே ஷ்ரோடர், நோயுற்ற குழந்தைகளின் செல்களில் குரோமோசோம்கள் அளவுக்கு மீறி உடைந்து கிடப்பதைக் கண்டார். 1973-ல் ஜப்பானில் சசாக்கியும் டோனோமுராவும் ஒரு படி மேலே சென்றனர். மைட்டோமைசின்-சி என்ற மருந்தைச் சேர்த்தால் இந்தச் செல்களின் குரோமோசோம்கள் சிதறிப்போவதை அவர்கள் காட்டினர். மற்றவர்களுடைய செல்கள் தாங்கிக்கொள்ளும் அளவைக்கூட இச்செல்கள் தாங்கவில்லை.

டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் ஒன்றோடொன்று பிரிக்க முடியாதபடி வேதிப் பிணைப்பால் பூட்டிவிடுவதுதான் மைட்டோமைசின் செய்யும் வேலை. இதை இழையிடைக் குறுக்குப் பிணைப்பு என்பார்கள். புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படும் சிஸ்பிளாட்டின் மருந்தும் இவ்வகைப் பிணைப்பை உண்டாக்குகிறது. ஒரு செல் பிரிய வேண்டுமானால் முதலில் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் விலக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே புதிய இழை உருவாக வேண்டும். இழைகள் பூட்டப்பட்டிருந்தால் அந்த இடத்தில் நகலெடுப்பு நின்றுவிடும். நின்ற இடத்தைச் சரிசெய்யாமல் செல் பிரிய முயன்றால் குரோமோசோம் உடையும்.

மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளாத ஒரு குழந்தையின் உடலில் இந்தப் பூட்டுகள் எங்கிருந்து வருகின்றன? இதற்கு ஒரு விடையை கேம்பிரிட்ஜில் கே.ஜே. பட்டேலின் குழு 2011-ல் தந்தது. உடலின் இயல்பான வளர்சிதை மாற்றத்திலேயே அசிட்டால்டிஹைடு, ஃபார்மால்டிஹைடு போன்ற வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. அவை டி.என்.ஏ.வைத் தாக்கக்கூடியவை. ஃபான்கோனி மரபணுக்கள் நலமாக இருந்தால் அந்தச் சேதம் அன்றாடம் சரிசெய்யப்படுகிறது. கெட்டால் சேதம் குவிகிறது. மதுவைச் செரிக்கும் ஏஎல்டிஹெச்2 என்ற நொதி குறைவாக உள்ள ஜப்பானிய ஃபான்கோனி நோயாளிகளுக்கு மஜ்ஜை விரைவாகச் செயலிழக்கிறது என்று 2013-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியது இதற்கு வலுச் சேர்த்தது. இவ்வாறு, அரிய நோய் ஒன்றை ஆராயப்போய், நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நம்பியிருக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வெளிச்சத்துக்கு வந்தது.

பூட்டைத் திறக்கும் முறை

ஃபான்கோனி நோய்க்குக் காரணமான மரபணுக்கள் இதுவரை 20-க்கும் மேல் கண்டறியப்பட்டிருக்கின்றன. முதலாவதான ஃபேன்க்சி 1992-ல் கனடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. உலக அளவில் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் கெட்டிருப்பது ஃபேன்க்ஏ. இத்தனை மரபணுக்களில் எது கெட்டாலும் ஏறக்குறைய ஒரே நோய் வருகிறது என்றால், அவை எல்லாம் ஒரே பணியின் வெவ்வேறு கட்டங்களில் ஈடுபட்டிருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கின்றன.

முதல் கட்டம், பழுதைக் கண்டு அறிவிப்பது. நகலெடுப்பு குறுக்குப் பிணைப்பில் வந்து முட்டி நிற்கும்போது, பல ஃபான்கோனி புரதங்கள் ஒன்றுகூடிய ஒரு கூட்டமைப்பு அங்கே சேர்கிறது. அதில் உள்ள ஃபேன்க்எல், யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஃபேன்க்டி2 மீது பொருத்துகிறது. இந்த ஓர் அடையாளம் பொருத்தப்படுவதுதான் பாதை முழுவதற்கும் மையமான நிகழ்வு.

இரண்டாம் கட்டம், வெட்டி விடுவிப்பது. அடையாளமிடப்பட்ட ஃபேன்க்டி2-வைத் தொடர்ந்து வெட்டும் நொதிகள் வருகின்றன. ஓர் இழையைப் பிணைப்பின் இருபுறமும் வெட்டுகின்றன. பூட்டு விலகுகிறது. ஆனால் வெட்டப்பட்ட டி.என்.ஏ.வில் இரட்டை இழை முறிவு உண்டாகிவிடுகிறது. செல்லுக்கு ஏற்படக்கூடிய சேதங்களில் மிக ஆபத்தானது இதுதான்.

மூன்றாம் கட்டம், முறிவைப் பிழையின்றி இணைப்பது. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அப்படியொரு கல்லில் நடுவே சில எழுத்துகள் சிதைந்துவிட்டால், முன்பே எடுத்து வைத்த மைப்படியைப் பார்த்துத்தான் அந்த வரியை நிரப்ப முடியும். ஊகித்து நிரப்பினால் தானம் கொடுத்தவர் பெயரே மாறிப்போகலாம். செல்லும் அப்படியே செய்கிறது. சற்று முன் நகலெடுக்கப்பட்ட உடன்பிறந்த குரோமோசோமைப் பார்த்து, முறிந்த இடத்தின் வரிசையை எழுத்துக்கு எழுத்து மீட்டெடுக்கிறது. அறிவியலில் இதன் பெயர் ஒத்தமைவு மறுசேர்க்கை. இதைச் செய்யும் முதன்மைப் புரதம் ராட்51. முறிந்த முனையில் ராட்51 வரிசையாகப் படிய, பரம்பரை மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமாக அறியப்பட்ட பிராக்கா2 உதவுகிறது. அந்தப் பிராக்கா2-வும் ஒரு ஃபான்கோனி மரபணுதான் என்று 2002-ல் தெரியவந்தபோது, அரிய குழந்தை நோயும் மார்பகப் புற்றுநோயும் ஒரே பாதையில் சந்திப்பது உறுதியாயிற்று.

ராட்51 புரதத்துக்கு அமைப்பில் நெருங்கிய ஐந்து புரதங்கள் மனித செல்லில் உண்டு: ராட்51பி, ராட்51சி, ராட்51டி, எக்ஸ்ஆர்சிசி2, எக்ஸ்ஆர்சிசி3. இவை இரு குழுக்களாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. முதல் குழுவில் நான்கு புரதங்கள். இரண்டாவதில் ராட்51சியும் எக்ஸ்ஆர்சிசி3-யும் மட்டும். இரு குழுக்களிலும் இடம்பெறும் ஒரே புரதம் ராட்51சி. இதன் மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. புரதம் 376 அமினோ அமிலங்கள் கொண்டது.

பெங்களூரில் கிடைத்த விடை

2010-ல் இரு கட்டுரைகளும் வந்தபோது ஒரு பெரிய இடைவெளி இருந்தது. ராட்51சி கெட்டால் ஃபான்கோனி போன்ற நோய் வருகிறது என்பது தெரிந்தது. பாதையில் அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது தெளிவாகவில்லை. புற்றுநோயை அது எவ்வாறு தடுக்கிறது என்பதும் புரியவில்லை.

கணேஷ் நாகராஜுவின் ஆய்வுக்கூடத்தில் குமார் சோமயாஜித்தும் சுப்ரமண்யாவும் இதை எடுத்துக்கொண்டனர். 2012-ல் 'ஜர்னல் ஆஃப் பயலாஜிகல் கெமிஸ்ட்ரி' இதழில் அவர்களுடைய முடிவுகள் வெளியாயின. ஆய்வின் தருக்கம் எளிமையானது. ராட்51சி இல்லாத செல்லை எடுத்துக்கொண்டு, குறுக்குப் பிணைப்பை உண்டாக்கும் மருந்தைக் கொடுத்து, பழுதுநீக்கும் பாதை எந்த இடம்வரை போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்ப்பது. பிறகு நலமான ராட்51சியைச் செல்லுக்குள் திரும்பச் செலுத்தினால் குறை தீர்கிறதா என்று சோதிப்பது. அதே இடத்தில் நோயாளிகளிடம் கண்ட பிறழ்வுடைய ராட்51சியைச் செலுத்தினால் எவ்வளவு குறை தீர்கிறது என்று ஒப்பிடுவது.

ராட்51சி இல்லாத செல்கள் குறுக்குப் பிணைப்பு மருந்துக்கு எளிதில் இரையாயின. குரோமோசோம்கள் உடைந்தன. செல்கள் பிரிவதற்கு முந்தைய நிலையில் தேங்கின. மூன்றும் ஃபான்கோனி நோயின் அடையாளங்கள். ஆனால் ஃபேன்க்டி2 மீது யுபிக்விட்டின் அடையாளம் பொருத்தப்படுவது இந்தச் செல்களிலும் தடையின்றி நடந்தது. பிணைப்பை வெட்டி விடுவிப்பதும் நடந்தது. அதற்குப் பிறகு வரும் ஒத்தமைவு மறுசேர்க்கைதான் நடக்கவில்லை. அதாவது முதல் இரு கட்டங்களுக்கு ராட்51சி தேவையில்லை. மூன்றாம் கட்டத்துக்கு அது இல்லாமல் முடியாது. பாதையில் அதன் இடம் இவ்வாறு உறுதிப்பட்டது.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். பூட்டைத் திறக்கும் வேலை தவறாமல் நடக்கிறது. திறந்ததால் உண்டான முறிவை மூடத்தான் ஆள் இல்லை. நோயாளியின் செல்லில் ஒவ்வொரு குறுக்குப் பிணைப்பும் ஒரு திறந்த முறிவாக மாறி நிற்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு பணியும் வெளிப்பட்டது. டி.என்.ஏ. சேதமடைந்தால் செல் உடனே நகலெடுப்பை மெதுவாக்க வேண்டும். பழுதுநீக்க அவகாசம் வேண்டும். இதற்கான எச்சரிக்கைச் சங்கிலியில் செக்2 என்ற நொதி ஒரு முக்கியக் கண்ணி. ராட்51சி இல்லாவிட்டால் செக்2 உரிய அளவுக்குத் தூண்டப்படுவதில்லை. செல் சேதத்தோடேயே நகலெடுத்துக்கொண்டு போகிறது. ஆக, முறிவை இணைப்பது ஒரு பணி. சேதத்தை அறிவித்து நகலெடுப்பை நிறுத்திவைப்பது இன்னொரு பணி. இரண்டையும் ஒரே புரதம் பார்க்கிறது.

ஆய்வின் மிக மதிப்புள்ள முடிவு இதற்கு அடுத்தது. ஃபான்கோனி போன்ற நோயுள்ள குழந்தைகளிடமும் மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க் குடும்பங்களிலும் கண்ட பிறழ்வுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, அவை இந்த இரு பணிகளையும் ஒரே அளவில் கெடுக்கவில்லை. ஒரு பிறழ்வு முறிவை இணைக்கும் பணியை எந்த அளவுக்குப் பாதிக்கிறதோ அதே அளவுக்கு எச்சரிக்கைப் பணியையும் பாதிக்கும் என்று கொள்ள முடியாது. பிறழ்வு எந்த இடத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து இழப்பு வேறுபடுகிறது. குழந்தைகளிடம் கண்ட பிறழ்வில் 258-ஆம் இடத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஹிஸ்டிடினாக மாறியிருந்தது. அது புரதத்தை முற்றாக அழிக்கவில்லை; வலுவிழக்கச் செய்தது. எலிகளில் ராட்51சி முழுவதும் நீக்கப்பட்டால் கரு பிறக்கும்வரை வளர்வதில்லை. குழந்தை பிறந்து வாழ்ந்தது என்றால் மரபணு ஓரளவு வேலை செய்தபடிதான் இருந்திருக்க வேண்டும்.

2015-ல் இதே ஆய்வுக்கூடம் மூன்றாவது பணி ஒன்றையும் காட்டியது. நகலெடுப்பு ஏதோ தடையால் நின்றுவிட்டால், அப்போதுதான் உருவான புதிய இழை பாதுகாப்பின்றி இருக்கும். எம்ஆர்இ11 என்ற நொதி அதைக் கரைத்துத் தின்னத் தொடங்கும். ராட்51சியும் அதன் உடன் புரதங்களும் இதைத் தடுக்கின்றன. தடை நீங்கியதும் நகலெடுப்பு மீண்டும் தொடங்க உதவுகின்றன. 2018-ல் வெளிவந்த இன்னொரு கட்டுரையில், ராட்51சி எக்ஸ்ஆர்சிசி3-யோடு சேர்ந்து மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டி.என்.ஏ. நகலெடுக்கப்படுவதற்கும் சிதையாமல் இருப்பதற்கும் துணைபுரிவதை அக்குழுவினர் பதிவு செய்தனர்.

நான்கு பணிகள், ஒரு புரதம். இந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று சொன்னால் அது ஒரு தகவல் மட்டும்தான். அந்த மாற்றம் எந்தப் பணியை எவ்வளவு கெடுத்தது என்று தெரிந்தால்தான் அது நோயாளிக்குப் பயன்படும் அறிவாகிறது.

குறையே வழியாகும் சிகிச்சை

இந்த அறிவு மருத்துவமனைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதற்குப் புற்றுநோய் மருந்து ஒன்று சான்று. டி.என்.ஏ.வின் ஒற்றை இழையில் ஏற்படும் சிறு வெட்டுகளைச் சரிசெய்ய பார்ப் என்ற நொதி உதவுகிறது. ஓலாபரிப் என்ற மருந்து அதைத் தடுத்துவிடும். அப்போது சிறு வெட்டுகள் நகலெடுப்பின்போது இரட்டை இழை முறிவுகளாக மாறும். நலமான செல் அவற்றை ஒத்தமைவு மறுசேர்க்கையால் இணைத்துக்கொள்ளும். பிராக்கா2 அல்லது ராட்51சி கெட்ட புற்றுநோய்ச் செல்லுக்கு அந்த வழி இல்லை, அது சாகிறது.

நாகராஜுவின் குழு 2015-ல் 'கார்சினோஜெனெசிஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, ராட்51சி இழந்த செல்கள் இம்மருந்துக்கு மிக எளிதில் இரையாவதையும் அதற்கான ஒரு காரணத்தையும் காட்டியது. படி பார்த்து இணைக்கும் வழி அடைபட்டதும், முனைகளை எதையும் பார்க்காமல் நேரடியாக ஒட்டும் வேறொரு முறை அளவுக்கு மீறிச் செயல்படுகிறது. அது தவறான முனைகளை ஒட்டிவிடுகிறது. அந்தக் குழப்பமே செல்லின் சாவுக்குத் துணைபோகிறது. 2020-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒருவகை முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஓலாபரிப்பை அனுமதித்தபோது, மருந்தைத் தீர்மானிக்கப் பார்க்க வேண்டிய மரபணுக்களின் பட்டியலில் ராட்51சியும் இடம்பெற்றது.

ஒரு படி பழுதான பெண்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பதும் இப்போது தெரியும். 2020-ல் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆராய்ந்த ஒரு பன்னாட்டு ஆய்வின்படி, 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம். மார்பகப் புற்றுநோய்க்குச் சுமார் 21 சதவீதம். சினைப்பைப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க நம்பகமான பரிசோதனை இல்லை. அதனால் இத்தகைய பெண்கள் 45 முதல் 50 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொள்வது பற்றி மருத்துவரோடு கலந்து முடிவெடுக்கலாம் என்று அமெரிக்க வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. மாதவிடாய் நிற்கும் முன் ஓர் உறுப்பை அகற்றுவது சாதாரண முடிவு அல்ல. அறிக்கையில் உள்ள பிறழ்வு உண்மையிலேயே புரதத்தைக் கெடுக்கிறதா என்று தெரியாமல் அதை எடுக்க முடியாது.

இங்கேதான் இன்றைய மரபணு மருத்துவத்தின் பெரிய சிக்கல் இருக்கிறது. மரபணு வரிசையைப் படிப்பது மலிவாகிவிட்டது. படித்ததில் பாதிப்பு என்ன என்று சொல்வது மலிவாகவில்லை. "பொருள் உறுதிப்படாத மாற்றம்" என்ற குறிப்போடு வரும் அறிக்கைகள் ஏராளம். 2024-ல் 'செல்' இதழில் பிரிட்டனின் வெல்கம் சாங்கர் நிறுவனத்தினர் ஒரு துணிவான முயற்சியை வெளியிட்டனர். ராட்51சி மரபணுவில் 9,188 மாற்றங்களை ஆய்வுக்கூடச் செல்களில் ஒவ்வொன்றாக உண்டாக்கி, செல் பிழைக்கிறதா என்று பார்த்தனர். 3,094 மாற்றங்கள் மரபணுவைக் கெடுப்பவை என்று தெரியவந்தது. உலகெங்கும் உள்ள மருத்துவர்களுக்கு இது பெரிய துணை. ஆனால் அந்த ஆய்வின் அளவுகோல், செல் பிழைக்கிறதா இல்லையா என்பது ஒன்றுதான். இணைப்பது, எச்சரிப்பது, நின்ற இழையைக் காப்பது என்று பணிகளைப் பிரித்துச் சோதிக்கும் பெங்களூர் வகை ஆய்வு அதோடு சேரும்போதுதான் படம் முழுமையாகும்.

நம் வீடுகளில் இந்த நோய்

உலக அளவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளில் ஒன்று என்ற விகிதத்தில் ஃபான்கோனி நோய் காணப்படுவதாகச் சொல்லப்படுகிறது. தென்னிந்தியாவுக்கு இந்தச் சராசரியை அப்படியே பொருத்தக் கூடாது. காரணங்கள் இரண்டு.

ஒன்று, உறவுமுறைத் திருமணம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 28 சதவீதத்தினரும் கர்நாடகத்தில் 27 சதவீதத்தினரும் இரத்த உறவில் மணம் செய்திருந்தனர். நாட்டின் சராசரி 11 சதவீதம். அத்தை மகன், மாமன் மகள் மணம் செய்தால் பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு இரு படிகளிலும் ஒரே மூதாதையின் படியாக அமையும். தாய்மாமனை மணந்தால் அது எட்டில் ஒரு பங்கு. ஃபான்கோனி மரபணுக்களில் பெரும்பாலானவை இரு படிகளும் கெட்டால்தான் நோயைத் தருபவை. பெற்றோர் இருவரும் ஒரு கெட்ட படியைச் சுமந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

இரண்டு, பல நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே மணம் செய்துவருவது. இதில் இரத்த உறவு தெரியாவிட்டாலும் சில பொது மூதாதையரின் மரபணுக்கள் சமூகம் முழுவதும் அடர்ந்துவிடுகின்றன. ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களில் 81 குழுக்களிடம் இந்தச் செறிவு யூதர்களிடமும் ஃபின்லாந்து மக்களிடமும் காணப்படுவதைவிட வலுவாக இருந்தது. அந்த இரு மக்களிடையேயும் அரிய நோய்களைத் தேடும் பரிசோதனைகள் வழக்கமாகிவிட்டன. நம்மிடம் அப்படி இல்லை.

ஃபான்கோனி நோயிலேயே இதற்கு நேரடிச் சான்று உண்டு. உலகின் பிற பகுதிகளில் ஃபேன்க்எல் மரபணுவால் வரும் நோய் மிக மிக அரிது. இந்தியாவிலோ அது கணிசம். இதற்குக் காரணம் தெற்காசிய மூதாதை ஒருவரிடமிருந்து பரவிய ஒரே பிறழ்வு என்று 2020-ல் 'ஹியூமன் மியூட்டேஷன்' இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்தப் பிறழ்வின் தன்மை கவனிக்கத்தக்கது. மரபணுவின் 1,092-ஆம் எழுத்து மாறுகிறது. ஆனால் அங்கே வர வேண்டிய அமினோ அமிலம் மாறுவதில்லை. வரிசையை மட்டும் பார்ப்பவர் இதைத் தீங்கற்ற மாற்றம் என்று ஒதுக்கிவிடக்கூடும். செல்லுக்குள் நடப்பது வேறு. மரபணுச் செய்தி தொகுக்கப்படும்போது ஒரு துண்டு முழுவதுமே விடுபட்டுப்போகிறது, புரதம் கெடுகிறது. ராட்51சியில் பெங்களூர் ஆய்வு சொன்னதையே ஃபேன்க்எல்லும் சொல்கிறது: எழுத்தைப் படித்தால் மட்டும் போதாது, அது செல்லில் என்ன செய்கிறது என்று சோதித்தாக வேண்டும்.

தாமதம் தரும் விலை

ஒரு குழந்தைக்கு மூன்று வகை இரத்த அணுக்களும் குறைந்தால், அது பிறவியில் வராத சாதாரண மஜ்ஜைச் செயலிழப்பாகவும் இருக்கலாம், ஃபான்கோனியாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு நல்ல பரிசோதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களை வளர்த்து, மைட்டோமைசின்-சி அல்லது டைஎபாக்ஸிபியூட்டேன் சேர்த்து, குரோமோசோம் முறிவுகளை நுண்ணோக்கியில் எண்ணுவதே அது. எந்த மரபணு கெட்டிருந்தாலும் இதில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பிரித்தறியாமல் சிகிச்சையைத் தொடங்கினால் விளைவு கொடியதாகலாம். மஜ்ஜை மாற்றுக்கு முன் நோயாளியின் உடலைத் தயார்செய்யத் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடும் குறுக்குப் பிணைப்பை உண்டாக்கும் மருந்து. சாதாரண மஜ்ஜைச் செயலிழப்பில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் அளவில் தரப்படும் இந்த மருந்தை ஃபான்கோனி குழந்தையின் உடல் தாங்காது. பாரிஸ் மருத்துவர் எலியான் குளுக்மன் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லிகிராமாகக் குறைத்துக் கொடுத்த பிறகே மாற்றுச் சிகிச்சை இக்குழந்தைகளுக்குக் கைகூடியது. 1988-ல் உலகின் முதல் தொப்புள்கொடி இரத்த மாற்றையும் அவர் ஒரு ஃபான்கோனி குழந்தைக்குத்தான் செய்தார். நம்மிடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடந்துவருகிறது.

நடுவணரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில், ஒருமுறைச் சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய முதல் பிரிவில் ஃபான்கோனி இரத்தச்சோகை இடம்பெற்றிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட மையங்களின் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெறலாம். பெங்களூரில் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையோடு இணைந்த மனித மரபியல் மையம் அவற்றுள் ஒன்று. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் பின்னர் சேர்க்கப்பட்டது. மஜ்ஜை மாற்று இரத்தத்தைக் குணப்படுத்தும். மற்ற உறுப்புகளின் செல்களில் பழுதுநீக்கும் குறை அப்படியே இருக்கும். ஆகவே வாய், தொண்டைப் பரிசோதனை ஆயுள் முழுவதும் தொடர வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, குரோமோசோம் முறிவுப் பரிசோதனை. காரணம் தெரியாமல் மூன்று அணுக்களும் குறைந்த எந்தக் குழந்தைக்கும், சிகிச்சை தொடங்கும் முன் இது கட்டாயமாக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளின் செல் மரபியல் பிரிவுகளில் இதற்கான வசதியும் பயிற்சியும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மரபணு ஆலோசனை. ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால், அடுத்த கருவுக்கு முன் பெற்றோருக்கும், உறவில் மணம் பேசும் உறவினருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். யாரையும் பழிக்காமல், மிரட்டாமல், புரியும் தமிழில் சொல்ல வேண்டும். பிராக்கா2, ராட்51சி போன்ற மரபணுவாக இருந்தால், ஒரு படி சுமக்கும் தாய், அத்தை, சித்தி ஆகியோரின் புற்றுநோய் ஆபத்தையும் அதே அமர்விலேயே பேச வேண்டும்.

மூன்றாவது, நம் மக்களிடம் காணப்படும் பிறழ்வுகளைச் செல்லில் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடங்கள். இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் ஒருங்கிணைத்த ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் மரபணுத் தொகுதிகளைப் படித்து முடித்திருக்கிறது. படித்தவற்றில் பல மாற்றங்கள் வேறெங்கும் பதிவாகாதவை. அவற்றின் பொருளை வெளிநாட்டுத் தரவுகள் நமக்குச் சொல்லாது. ஒவ்வொரு மாற்றமும் எந்தப் பணியைக் கெடுக்கிறது என்று பொறுமையாகச் சோதிக்கும் அடிப்படை ஆய்வுக்கு, வரிசைப்படுத்தும் திட்டங்களுக்குத் தந்த முக்கியத்துவத்தை அரசும் பல்கலைக்கழகங்களும் தர வேண்டும்.

வீட்டில் ஒரு குழந்தைக்கு இரத்த அணுக்கள் காரணமின்றிக் குறைந்தாலோ, பிறவியிலேயே கட்டைவிரலில் குறைபாடு இருந்தாலோ, ஃபான்கோனி பரிசோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சைக்கு முன் கேட்கப்படும் அந்த ஒரு கேள்வி ஒரு குழந்தையின் உயிரைக் காக்கலாம்.